ஒரே அச்சில் இரண்டு விசிறிகள்: வால் விசிறியில்லாத ஹெலிகாப்டர் முகம் திரும்பும் விதம்

பயிர்களின்மீது ஆகாயத்திலிருந்து மருந்து தூவும் முறை தோன்றி நூறாண்டுகளுக்கு மேலாகிறது. 1921-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில், கட்டால்பா என்னும் மரங்கள் நிறைந்த தோப்பொன்றில் இலைகளைத் தின்று அழித்துவந்த புழுக்களின்மீது, தாழப் பறந்த விமானமொன்றிலிருந்து ஈய ஆர்ஸனேட் பொடி தூவப்பெற்றது. இம்முறையின் தொடக்கம் அதுவேயெனக் கூறுவர். சிறகுடைய விமானம் பரந்த வெளிகளில் இவ்வேலைக்கு ஏற்றதே. ஆனால் அதற்கு ஓடுபாதை வேண்டும். வேகம் குறைந்தால் அது வானில் நிற்கமாட்டாது. வயலின் கோடியை அடைந்தபின் நெடுந்தூரம் வளைந்து சென்றே மறு சாலுக்கு வரவேண்டும். சிறு நிலங்களும், இடையிடையே மரங்களும், மின்கம்பிகளும் உள்ள பிரதேசங்களில் இது இயலாத காரியம். நின்ற இடத்திலிருந்து நேரே எழும்பவும், ஆகாயத்தில் அசையாமல் நிற்கவும், நின்றபடியே முகத்தைத் திருப்பவும் வல்ல ஹெலிகாப்டர் இக்குறைகளை நீக்கவல்லது. எனினும் அதற்கும் பிறவியிலேயே ஒரு தொல்லை உண்டு. அத்தொல்லை யாது, ஒரே அச்சில் இரண்டு விசிறிகளை அமைத்து அதனைத் தீர்த்த விதம் யாது என்பவை இங்கு விளக்கப்படும்.

முறுக்கு விசை

நீர் இறைக்கும் இஞ்சினையோ மின்சார மோட்டாரையோ கிணற்றடியில் பொருத்துவோர், சிமெண்டு மேடை கட்டி, போல்ட்டுகளால் அதனை இறுக்கி வைப்பதன் காரணம் யாவரும் அறிந்ததே. மோட்டார் தன் தண்டினை ஒரு பக்கமாகத் திருப்பும்பொழுது, அந்தத் தண்டு மோட்டாரை எதிர்ப்பக்கமாகத் திருப்ப முயல்கிறது. மேடை அதனைத் தாங்கிக்கொள்வதால் நாம் அதனைக் கவனிப்பதில்லை. போல்ட்டு தளர்ந்த மோட்டார், விசையைப் போட்டவுடன் ஒரு பக்கமாகத் துள்ளுவதைக் கண்டவர் பலர் இருப்பர்.

பறக்கும் யந்திரத்துக்கோ மேடையுமில்லை, போல்ட்டுமில்லை. ஆற்றில் மிதக்கும் பரிசலின் நிலைமையே அதன் நிலைமை. ஒருவன் பரிசலின் நடுவில் நின்று, நீண்ட துடுப்பொன்றை நீரில் அமிழ்த்தித் தன்னைச் சுற்றி வலப்புறமாகத் தள்ளிக்கொண்டே போவானாயின், பரிசல் அவனையும் சுமந்துகொண்டு இடப்புறமாகச் சுழலத் தொடங்கும். நீர் துடுப்பைத் தடுப்பது போலவே காற்று விசிறியின் இறக்கைகளைத் தடுக்கிறது. அத்தடையை வென்று விசிறியைச் சுற்ற இஞ்சின் எவ்வளவு முறுக்கு விசையைச் செலுத்துகிறதோ, அவ்வளவும் எதிர்த்திசையில் யந்திரத்தின் உடலின்மேல் விழுகிறது. தடுப்பாரின்றேல், மேலே விசிறி வலமாகவும் கீழே உடல் இடமாகவும் சுழன்றுகொண்டேயிருக்கும். ஓட்டுவோன் தலைசுற்றி விழுவதைத் தவிர வேறு பயன் விளையாது.

இவ்விசையின் அளவைச் சிறு கணக்கினால் அறியலாம். 600 குதிரைச்சக்தி ஒரே விசிறியிற் செலுத்தப்படுகிறதென்றும், அவ்விசிறி நிமிஷத்துக்கு 300 சுற்று சுற்றுகிறதென்றும் கொள்வோம். அப்பொழுது உடலைத் திருப்ப முயலும் விசை, ஒரு மீட்டர் நீளமுள்ள கடப்பாரையின் நுனியில் ஏறக்குறைய 1,430 கிலோகிராம் எடையைக் கட்டித் திருகுவதற்கு ஒப்பாகும்.

பெரும்பாலான ஹெலிகாப்டர்களில் இதற்குச் செய்துள்ள பரிகாரம் வால் விசிறியாகும். நீண்ட வாலின் நுனியில் ஒரு சிறு விசிறி செங்குத்தாக நின்று, காற்றைப் பக்கவாட்டில் தள்ளி, உடல் சுழலாதபடி தடுக்கிறது. மேற்சொன்ன கணக்கின்படி, வால் 8 மீட்டர் நீளமாயின், அதன் நுனியில் ஏறக்குறைய 180 கிலோகிராம் விசை ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டுவோனின் காலடியிலுள்ள மிதிகள் இவ்விசையைக் கூட்டியும் குறைத்தும் முகத்தை இருபுறமும் திருப்ப உதவுகின்றன.

பரிகாரம் எளியதே. ஆனால் வயல் வேலையில் அதற்குக் கொடுக்கும் விலை சிறிதன்று. யந்திரம் அசையாமல் நிற்கும்பொழுது இஞ்சின் சக்தியில் சுமார் பத்திலொரு பங்கை வால் விசிறியே விழுங்கிவிடுகிறது. அச்சக்தி ஒரு படி மருந்தையும் தூக்குவதில்லை. உடல் சுழலாமலிருக்கச் செலுத்தும் வரியேயன்றி வேறில்லை. மேலும், வால் விசிறியின் பக்கமாகப் பலத்த காற்று வீசினால் அது தன் பிடிப்பை இழப்பதுண்டு. மிதியை அழுத்துந்தோறும் இஞ்சினிலிருந்து அது கொள்ளும் சக்தி மாறுவதால், சாலின் கோடியில் திரும்பும்பொழுது யந்திரத்தின் உயரமும் சற்று ஏறி இறங்கும். யாவற்றிலும் பெரிய ஆபத்து வேறு. ஓட்டுவோன் தன் முதுகுக்குப் பின்னால் பல மீட்டர் தூரத்தில் சுழலும் அந்தச் சிறு விசிறியைப் பார்க்க இயலாது. அது வரப்பிலோ, மரக்கிளையிலோ, கம்பியிலோ பட்டால் யந்திரம் முழுவதும் தன் வசமிழந்து சுழன்று விழும். மருந்து நிரப்ப ஓடிவரும் கூலியாட்களுக்கும் அதனால் உயிராபத்து உண்டு; வேகமாகச் சுழலும் விசிறி கண்ணுக்குப் புலப்படாததே அதற்குக் காரணம்.

இரண்டு விசிறிகளை எதிரெதிராக நிறுத்துதல்

மேற்சொன்ன பரிசலிலேயே இருவர் நின்று, ஒருவன் துடுப்பை வலமாகவும் மற்றவன் இடமாகவும் சமபலத்துடன் தள்ளுவார்களானால், பரிசல் எப்பக்கமும் திரும்பாது. இந்த யோசனை மிகப் பழையது. 1754-இலேயே ருஷிய விஞ்ஞானி லொமோனோஸோவ், கடிகாரச் சுருள்வில்லால் இயங்கும் இரண்டு விசிறிகளை ஒன்றன்மேலொன்றாக அமைத்து, எதிரெதிராகச் சுழலும் ஒரு சிறு மாதிரியைச் செய்து காட்டினார். மனிதனைத் தூக்கும் யந்திரமாக அதனை வெற்றிபெறச் செய்தவர்களுள் இத்தாலியரான கொர்ராடினோ தஸ்கானியோ முக்கியமானவர். 1930-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அவருடைய யந்திரம் 8 நிமிஷம் 45 விநாடி ஆகாயத்தில் நின்றும், 18 மீட்டர் உயரம் ஏறியும், ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பறந்தும் அக்காலத்தில் ஒருவரும் செய்யாததைச் செய்தது. இவரே பிற்காலத்தில் வெஸ்பா ஸ்கூட்டரை வகுத்தவர் என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

தஸ்கானியோவின் யந்திரத்தில் முகத்தைத் திருப்புவதற்கும் சாய்ப்பதற்கும் தனித்தனியே சிறு விசிறிகள் உடலில் அமைக்கப்பட்டிருந்தன. அதாவது, இரு பெரிய விசிறிகளும் ஒன்றையொன்று சமன்செய்தன. ஆனால் அச்சமநிலையையே சுக்கானாகப் பயன்படுத்தும் வழி அதில் இல்லை. பிரான்ஸில் பிரெகே, டோரான் என்னும் இருவர் 1935-இல் பறக்கவிட்ட யந்திரத்தில் அவ்வழி கையாளப்பட்டது. இரு விசிறிகளின் முறுக்கு விசைகளுக்கிடையே வேற்றுமையை உண்டாக்கி அதன் முகம் திருப்பப்பட்டது. மறு வருஷம் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாயத்தில் நின்றது. பின்னர் இம்முறையைத் தம் வாழ்நாள் வேலையாகவே கொண்டவர் ருஷியரான நிக்கொலாய் காமோவ். ஒருவர் மட்டும் அமரக்கூடிய அவருடைய சிறு யந்திரமாகிய கா-8 என்பது 1947-இல் பறந்தது. அதன் வழிவந்தவை இன்றும் செய்யப்படுகின்றன. இந்தியக் கடற்படை கொண்டுள்ள கா-28, கா-31 என்னும் ஹெலிகாப்டர்களும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. வால் நீட்ட இடமில்லாத கப்பல் தளத்துக்கும், மரம் சூழ்ந்த சிறு வயலுக்கும் இவ்விஷயத்தில் வேற்றுமை அதிகமில்லை.

மிதியை அழுத்தினால் நடப்பது என்ன

இவ்வகை ஹெலிகாப்டரில் குழாய் போன்ற ஓர் அச்சுத்தண்டும், அதனுள்ளே மற்றோர் அச்சுத்தண்டும் செருகப்பட்டிருக்கும். உள்தண்டு மேல் விசிறியையும், வெளித்தண்டு கீழ் விசிறியையும் தாங்கும். அடியிலுள்ள பற்சக்கரப் பெட்டி இரண்டையும் ஒரே வேகத்தில் எதிரெதிர்த் திசைகளில் சுழற்றும். இரண்டும் பற்சக்கரங்களால் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றை வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் சுழற்ற முடியாது என்பது நினைவிலிருக்க வேண்டும்.

வேகத்தை மாற்ற முடியாதாயின், மாற்றக்கூடியது இறக்கையின் சாய்வேயாகும். ஒவ்வோர் இறக்கையும் தன் நீளத்தை அச்சாகக் கொண்டு சற்றுத் திரும்பவல்லது. சாய்வு மிகுந்தால் அது காற்றை அதிகமாகக் கீழே தள்ளும், தூக்குவிசை பெருகும், அத்துடன் காற்றின் தடையும் பெருகும். கலப்பையின் கொழு ஆழமாக இறங்கினால் மண் அதிகம் புரள்வதும், மாடுகளுக்கு இழுவை மிகுவதும் போன்றதே இது. ஓட்டுவோனின் இடக்கையிலுள்ள நெம்புகோல் இரு விசிறிகளின் எல்லா இறக்கைகளையும் ஒருங்கே சாய்த்து யந்திரத்தை ஏற்றவும் இறக்கவும் செய்கிறது. வலக்கையிலுள்ள கோல், சுழலும் இறக்கைகள் ஒரு பக்கத்தில் மிகுந்தும் எதிர்ப்பக்கத்தில் குறைந்தும் சாயும்படி செய்து, யந்திரத்தை முன்னும் பின்னும் பக்கங்களிலும் நகர்த்துகிறது. இவ்விரண்டும் மற்ற ஹெலிகாப்டர்களிலும் உள்ளவையே.

வேறுபாடு மிதியில் உள்ளது. இங்கே மிதி வாலுக்குச் செல்லாமல் தலைக்குச் செல்கிறது. மேல் விசிறி, மேலிருந்து பார்க்கையில், வலமாகச் சுற்றுவதாகக் கொள்வோம். அது உடலை இடமாகத் திருப்ப முயலும். கீழ் விசிறி இடமாகச் சுற்றுவதால் உடலை வலமாகத் திருப்ப முயலும். இரண்டும் சமமாக உள்ளவரை உடல் நேரே நிற்கும். ஓட்டுவோன் வலப்புற மிதியை அழுத்தினால், கீழ் விசிறியின் இறக்கைகள் சற்று அதிகமாகச் சாய்கின்றன. அதே சமயத்தில் மேல் விசிறியின் இறக்கைகள் அதற்கேற்பச் சற்று நிமிர்கின்றன. கீழ் விசிறியின் தடை மிகுந்து, மேல் விசிறியின் தடை குறைய, சமநிலை கலைந்து முகம் வலப்புறம் திரும்புகிறது. ஒன்று இழந்த தூக்குவிசையை மற்றொன்று ஈடுசெய்வதால், மொத்தத் தூக்குவிசை ஏறக்குறைய மாறாமலிருக்கும். ஆகவே யந்திரம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

முன்னைய கணக்கையே மறுபடி எடுத்துக்கொள்வோம். 600 குதிரைச்சக்தியை இரண்டாகப் பங்கிட்டால், ஒவ்வொரு விசிறியும் உடலின்மேல் செலுத்தும் முறுக்கு விசை ஏறக்குறைய 716 கிலோகிராம்-மீட்டர் ஆகும். ஒன்றில் நூற்றுக்கு 5 கூட்டி மற்றதில் நூற்றுக்கு 5 குறைத்தால், முறையே 752-உம் 680-உம் ஆகும். மிஞ்சும் 72 கிலோகிராம்-மீட்டரே உடலைத் திருப்பும் விசை. 8 மீட்டர் நீளமுள்ள வாலின் நுனியில் ஒன்பது கிலோகிராம் விசையுடன் தள்ளுவதற்கு இது ஒப்பாகும். எதிர்விசையை அடக்குவதற்கென்று சக்தி எதுவும் தனியே செலவாகவில்லை. இருந்த சக்தியையே இருபுறமும் நிறுத்தி, தராசுத் தட்டில் சிறு படிக்கல்லை மாற்றி வைப்பது போன்ற காரியமே நடைபெறுகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மேல் விசிறி தள்ளிய காற்று கீழ் விசிறியின் நடுப்பகுதியில் வந்து விழுகிறது. ஏற்கெனவே கீழ்நோக்கி ஓடும் காற்றில் வேலைசெய்யும் கீழ் விசிறி, மேல் விசிறியின் அளவு தூக்குவதில்லை. ஆகவே இரண்டின் சாய்வும் தூக்குவிசையும் சமமாயிருக்க வேண்டுமென்பதில்லை. முறுக்கு விசைகள் சமமாயிருக்க வேண்டுமென்பதே விதி. இவ்வேற்றுமையை அனுசரித்து இறக்கைகளின் சாய்வை முதலிலேயே திருத்தி வைப்பர். இது பராமரிப்போர் கவனிக்கவேண்டிய வேலை. தவறினால் நேராகப் பறப்பதற்கே ஓட்டுவோன் ஒரு மிதியை எப்பொழுதும் அழுத்திக்கொண்டிருக்க நேரிடும்.

வயலில் வேலைசெய்த யந்திரம்

விவசாயத்தை முக்கியமாகக் கருதி இம்முறையில் செய்யப்பெற்றது கா-26 என்னும் ஹெலிகாப்டராகும். இது 1965-இல் முதன்முதலாகப் பறந்தது. ஒவ்வொன்றும் 325 குதிரைச்சக்தியுள்ள இரண்டு பெட்ரோல் இஞ்சின்கள் இருபக்கமும் தொங்க, 13 மீட்டர் விட்டமுள்ள மூவிறக்கை விசிறிகள் இரண்டு மேலே சுழலும். உடலின் நீளமோ 7¾ மீட்டரே. ஆகையால் உடல் ஏறக்குறைய விசிறி வட்டத்தின் நிழலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. விசிறி நுழைய இடமுள்ள இடத்தில் வால் இடிக்குமோ என்ற கவலை இல்லை. ஓட்டுவோனின் அறைக்குப் பின்னுள்ள இடம் வெறும் சட்டமாக விடப்பட்டு, வேண்டியபொழுது ஆட்கள் அமரும் பெட்டியையோ, மருந்துத் தொட்டியையோ அதில் மாட்டலாம். தொட்டியில் சுமார் 900 கிலோகிராம் மருந்து கொள்ளும். மருந்தின் புகை உள்ளே புகாதபடி ஓட்டுவோன் அறைக்குள் வடிகட்டிய காற்று சிறிது அழுத்தத்துடன் செலுத்தப்பட்டது. ஸோவியத் நாட்டிலும், ஹங்கேரி முதலிய ஐரோப்பிய நாடுகளின் திராட்சைத் தோட்டங்களிலும் பழத்தோட்டங்களிலும் இது பல்லாண்டுகள் உழைத்தது.

சாலின் கோடியில் நின்ற இடத்திலேயே முகத்தைத் திருப்பி மறு சாலில் இறங்கும் திறனே இதன் தனிச் சிறப்பு. குறுக்குக் காற்றிலும் அது பெரிதும் தடுமாறுவதில்லை. விசிறிகள் கீழே தள்ளும் காற்று இலைகளைப் புரட்டி, அவற்றின் அடிப்புறத்திலும் மருந்து படியச் செய்கிறது. ஆனால் யந்திரம் ஓட்டுவோனின் மிதிக்குக் கட்டுப்படுவது போல, விட்ட மருந்து கட்டுப்படுவதில்லை. கேரளத்தில் காசரகோடு மாவட்டத்து முந்திரித் தோட்டங்களில் பல்லாண்டுகள் ஹெலிகாப்டர் மூலம் எண்டோஸல்பான் தெளிக்கப்பட்டதும், அதைச் சுற்றிய கிராமங்களில் அதனால் எழுந்த துயரமும், 2011-இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்தைத் தடைசெய்ததும் எவரும் மறக்கத் தக்கவையல்ல. எவ்வளவு நயமாகத் திரும்பும் யந்திரமானாலும், குடியிருப்பும் கிணறும் எங்குள்ளன, காற்று எப்பக்கம் வீசுகிறது என்பவற்றை முதலில் பார்த்தே அதனை அழைக்க வேண்டும்.

குறைகள்

இம்முறையிலும் குறைகள் இல்லாமலில்லை. இரண்டு விசிறித் தலைகளும், அவற்றின் சாய்வை மாற்றும் தண்டுகளும் ஒன்றன்மேலொன்றாக அமைவதால், பொறியின் சிக்கலும், அதனைக் காக்கும் செலவும் மிகுதி. இறக்கைகள் வளையக்கூடியவை, ஆதலால் கடுமையாகத் திருப்பும்பொழுது மேல் விசிறியும் கீழ் விசிறியும் ஒன்றோடொன்று மோதாதிருக்க இரண்டுக்குமிடையே போதிய தூரம் விடவேண்டும். அந்த உயரமான தலை முன்செல்லும் வேகத்தைக் குறைக்கிறது. 1998-இல் ருஷியாவில் கா-50 என்னும் போர் ஹெலிகாப்டரொன்று இவ்வாறு இறக்கைகள் மோதியே வீழ்ந்தது.

மிதியைப் பற்றிய குறை இன்னும் கவனிக்கத்தக்கது. இரண்டு முறுக்கு விசைகளின் வேற்றுமையால் முகம் திரும்புவதாயின், அவ்விசைகளே குறையும்பொழுது திருப்பும் வலிமையும் குறையும். இஞ்சின் சக்தியைத் தணித்துக்கொண்டு இறங்கும்பொழுது மிதி மந்தமாகிவிடுகிறது. இஞ்சின் முற்றிலும் நின்றுபோனாலோ நிலைமை தலைகீழாகும். அப்பொழுது கீழிருந்து மேல்நோக்கி வரும் காற்றே, காற்றாடி யந்திரத்தைச் சுழற்றுவது போல, விசிறிகளைச் சுழற்றுகிறது. இந்நிலையில் அதிகச் சாய்வுள்ள விசிறி காற்றை அதிகமாக ஏந்திக்கொண்டு, தடைபடுவதற்குப் பதிலாக மற்றதையும் இழுத்துச் சுழற்றக்கூடும். ஆகவே வலப்புற மிதியை அழுத்தினால் முகம் இடப்புறம் திரும்ப முயலும். இக்காரணத்தாலேயே காமோவ் ஹெலிகாப்டர்களின் பின்புறத்தில் பெரிய நிமிர்ந்த சிறகுகளும், அவற்றில் மிதியோடு இணைந்த சுக்கான்களும் அமைக்கப்பட்டுள்ளன. முன்னோக்கிப் பறக்கும் வேகத்தில் காற்று சுக்கான்களில் மோதி, விசிறிகள் செய்யத் தவறியதைச் செய்கிறது. இஞ்சின் நின்றால் ஓட்டுவோன் முன்வேகத்தை இழக்காமல் இறங்கவேண்டுமென்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிராமங்களுக்கு வரும் சிறு யந்திரங்கள்

மேற்சொன்ன பெரிய ஹெலிகாப்டர் நமது வயல்களில் இறங்கக் கண்டவர் அரியர். ஆனால் அதே விதியின்படி இயங்கும் சிறு யந்திரம் இப்பொழுது பல கிராமங்களுக்கு வந்துவிட்டது. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன்களை வழங்கும் மத்திய அரசின் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. நான்கு விசிறியுள்ள ட்ரோனில் இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் சுற்றுகின்றன. மூலைக்கு மூலை எதிராக உள்ளவை ஒரே திசையில் சுற்றும். இங்கே இறக்கையின் சாய்வு மாறுவதில்லை. ஒவ்வொரு விசிறிக்கும் தனி மோட்டார் உள்ளதால் வேகமே மாறுகிறது. ஒரு ஜோடியை விரைவாக்கி மற்ற ஜோடியை மெதுவாக்கினால் முறுக்கு விசைகளின் சமநிலை கலைந்து ட்ரோன் முகம் திரும்பும். மொத்தத் தூக்குவிசையில் மாற்றமில்லாததால் உயரம் அப்படியே நிற்கும். சில ட்ரோன்களில் ஒவ்வொரு கையின் நுனியிலும் மேலும் கீழுமாக இரண்டு விசிறிகள் எதிரெதிராகச் சுழல்வதைக் காணலாம். பூமியைவிட்டே அகன்று செவ்வாய்க் கிரகத்தில் 2021 ஏப்ரல் 19-ஆம் தேதி பறந்த 1.8 கிலோகிராம் எடையுள்ள இன்ஜெனுவிட்டி என்னும் சிறு ஹெலிகாப்டரும் இவ்விதம் ஒரே அச்சில் இரண்டு விசிறிகளைக் கொண்டதே; அது சாய்வை மாற்றும் முறையில் திரும்பியது. 2024 ஜனவரி வரை அது 72 முறை பறந்தது.

ட்ரோனை வாடகைக்கு விடுவோரும் அமர்த்துவோரும் இதிலிருந்து அறியவேண்டிய நடைமுறை விஷயம் ஒன்று உண்டு. வலமாகச் சுற்றும் இறக்கையும் இடமாகச் சுற்றும் இறக்கையும் வலக்கை, இடக்கைச் செருப்புகளைப் போல் ஒன்றுக்கொன்று மாற்றக்கூடாதவை. பார்வைக்கு மட்டும் ஒன்றுபோல் தோன்றும். உடைந்த இறக்கையை அவசரத்தில் மாற்றும்பொழுது திசை தவறிப் பொருத்தினால், அந்த மூலையில் தூக்குவிசை அற்றுப்போய், எழும்பும் கணத்திலேயே ட்ரோன் கவிழ்ந்து, தொட்டியிலுள்ள மருந்து அருகில் நிற்பவர்மேல் சிதறும். இறக்கைகளிலும் மோட்டார்களிலும் திசைக்குறிகள் இடப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டையும் ஒத்துப்பார்த்தபின்பே தொட்டியை நிரப்ப வேண்டும். இறக்கை புதிதாக மாற்றப்பட்ட நாளில், மருந்தின்றி வெறும் தண்ணீருடன் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் சில அடி உயரத்தில் நிறுத்தி, இருபுறமும் ஒருமுறை முகம் திருப்பிப் பார்ப்பது நலம். ஒரு பக்கம் தயக்கமின்றியும் மறுபக்கம் தயங்கியும் திரும்புமானால், விசிறிகளுள் ஒன்று தன் பங்கைச் செய்யவில்லையெனக் கொண்டு, அன்று வயலில் இறக்காமல் பழுது பார்ப்போனிடம் அனுப்ப வேண்டும்.